கம்ப்யூட்டருக்குப் போட்ட சிவப்புப் பூட்டு

என் வீட்டுக்காரர் எந்தப் பொருளையும் ரிப்பேர் செய்ய மாட்டார். பிரேக்டவுன் அட்டெண்ட் பண்ணுவார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் இருபத்திரண்டு வருடமாக மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அங்கே எதை எப்படிச் செய்கிறாரோ அதை வீட்டிலும் அப்படியே செய்வார். சமையலறைக் குழாய் சொட்டினால் முதலில் ஒரு சீட்டு எழுத வேண்டும். எந்தக் குழாய், எப்போதிலிருந்து சொட்டுகிறது, கடைசியாகத் தொட்டது யார். கடைசியாகத் தொட்டது எப்போதும் நான்தான். ஆலையில் அப்படிக் கடைசியாகத் தொட்டு மாட்டிக்கொள்கிறவருக்கு ஆபரேட்டர் என்று பெயர். மெஷினைக் கெடுப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் ஆபரேட்டர் என்பது அவர் கட்சி. கல்யாணமான புதிதில் இதைக் கேட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டரும் அந்த ஆலையிலிருந்து வந்ததுதான். அலுவலகத்துக்குப் புதிது வாங்கியபோது பழையவற்றைத் தொழிலாளிகளுக்குச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். இவர் பேருக்கு ஒன்று விழுந்தது. பைக்கின் பின்சீட்டில் கயிறு கட்டிக் கொண்டுவந்து இறக்கினார். பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் ஆலை போட்ட நம்பர் இன்னும் இருக்கிறது. சுரண்டி எடுக்கலாம் என்றால் சம்மதிக்கவில்லை. நம்பர் இல்லாத மெஷின் அநாதையாம்.

மகள் கல்லூரி விடுதிக்குப் போகிற வரைக்கும் அதை அவள்தான் வைத்திருந்தாள். அவள் போனபிறகு நான் உட்கார்ந்தேன். அப்போதுதான் அதன் லட்சணம் தெரிந்தது. ஒரு எழுத்தைத் தட்டினால் நான் கொட்டாவி விட்டு முடித்தபிறகு அது திரையில் வரும். கொஞ்சம் அவசரப்படுத்தினால் நடுவில் ஒரு பெட்டி முளைக்கும். மெமரி போதவில்லை, திறந்து வைத்திருப்பதையெல்லாம் மூடு என்று சொல்லும். மூடினால், மூடுவதற்கும் மெமரி போதவில்லை என்று நின்றுவிடும்.

எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் சும்மா பொழுதுபோக்குக்கு வேண்டியிருக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மீஞ்சூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்திருக்கிறேன். கீபோர்டைப் பார்க்காமல் தமிழ் அடிப்பேன். ஒரு முகூர்த்த நாளுக்குள் எட்டுப் பத்திரிகை முடித்துக் கொடுத்திருக்கிறேன். அதன்பிறகு பத்தொன்பது வருடமாக எந்த விண்ணப்பத்தை யார் நிரப்பினாலும் என் தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு. அவர் நிரப்பினால் கோடுகூட இருக்காது, காலியாகவே விட்டுவிடுவார். யாராவது கேட்டால், "ஊட்டுலதான் இருக்காங்க" என்பார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இந்த வருடம் சென்னையில் ஒரு கம்பெனி வீட்டிலிருந்தே செய்கிற வேலைக்கு ஆள் எடுத்தது. பேச்சைப் பதிவு செய்து அனுப்புவார்கள், கேட்டுக் கேட்டுத் தமிழில் அடித்துக் கொடுக்க வேண்டும். நான் விண்ணப்பம் போட்டேன். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஆன்லைனில் டெஸ்ட் என்று பதில் வந்தது. போனில் எழுதக் கூடாது, கம்ப்யூட்டர்தான். கேமரா ஓடிக்கொண்டிருக்க வேண்டும், மகள் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கியது இருந்தது. நடுவில் நின்றுபோனால் போனதுதான், மறு வாய்ப்பு கிடையாது. அந்தக் கடைசி வரியை நான் நான்கு தடவை படித்தேன்.

டெஸ்டுக்குப் பத்து நாள் இருந்தது. நான் செய்த தப்பு, விஷயத்தை வீட்டுக்காரரிடம் சொன்னது.

உடனே சீட்டு எழுதினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை பீரோக் கதவில் ஒட்டி, ஏன், ஏன், ஏன் என்று வரிசையாக ஐந்து ஏன் எழுதினார். ஆலையில் எது உடைந்தாலும் இப்படி ஐந்து தடவை ஏன் கேட்டால் மூல காரணம் தானாக வெளியே வந்துவிடுமாம். ஏன் ஸ்லோ? மெமரி போதவில்லை. ஏன் போதவில்லை? இரண்டு ஜிபிதான் இருக்கிறது. ஏன் இரண்டுதான் இருக்கிறது? கம்பெனி அவ்வளவுதான் போட்டது. ஏன் அவ்வளவுதான் போட்டது? இந்த இடத்தில் மேனேஜர்மேல் அவருக்கு இருந்த பழைய கோபமெல்லாம் வந்து, அந்த வரியில் இடம் பத்தவில்லை. ஐந்தாவது ஏன் பதில் இல்லாமல் அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த நாளிலிருந்து ஆராய்ச்சி. ஷிப்ட் முடிந்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். மெமரி குறைவதை எப்படிச் சரி செய்வது என்று உலகத்தில் எத்தனை பேர் வீடியோ போட்டிருக்கிறார்களோ அத்தனையும் பார்த்தார். கட்டுரைகள் படித்தார். எதையும் மூட மாட்டார், நாளைக்குத் தேவைப்படுமாம். எந்தெந்த வேலை எவ்வளவு மெமரி தின்கிறது என்று ஒரு பட்டியல் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. அதை எப்படித் திறப்பது, தேவையில்லாததை எப்படி நிறுத்துவது என்று எனக்குப் பாடம் எடுத்தார். நான் அருகே நின்று, வெங்காயம் உரித்துக்கொண்டே கவனித்தேன். தொட மட்டும் விடவில்லை. ஆபரேட்டர் தொடக் கூடாது.

பத்து நாளில் எட்டு நாள் இப்படியே போயிற்று. அடித்துப் பழகலாம் என்றால் இடமில்லை. நான் அரிசி மூட்டைமேல் விரல்களைத் தட்டிப் பழகினேன்.

சனிக்கிழமை கும்மிடிப்பூண்டி பஜாரில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடையில் இன்னொரு இரண்டு ஜிபி வாங்கி வந்தார். விரல் அகலத்தில் ஒரு பச்சைப் பட்டை. கீழே தங்க நிறத்தில் வரிசையாகப் பல். அதற்குத்தான் ரேம் என்று பெயர். ஏற்கெனவே இருப்பதற்குப் பக்கத்தில் இதையும் சொருகிவிட்டால் நாலு ஜிபி ஆகிவிடும். ஐந்து நிமிட வேலை என்றார். அவர் ஐந்து நிமிடம் என்று சொன்னால் அன்றைக்குச் சாயங்காலம் வேறு எந்தத் திட்டமும் போடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா முடிந்ததும் கம்ப்யூட்டரைப் பேப்பர் விரித்துப் படுக்க வைத்தார். மூடியைத் திறந்தால் உள்ளே கருகருவென்று தூசி. எங்கள் ஊர்த் தூசியில் பாதி இரும்பு. ஒரு மூலையில் பல்லி இரண்டு முட்டை வைத்திருந்தது. பிரஷ் எடுத்துச் சுத்தம் செய்வதிலேயே மத்தியானம் வந்துவிட்டது. பழைய ரேமின் பற்களில் கறை ஏறியிருப்பதைக் காட்டி, பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்தால் போய்விடும் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் சொல்வார், அதுதான் அவர் பலவீனம்.

சாப்பிட்டுவிட்டுப் புதிய ரேமைச் சொருக உட்கார்ந்தார். பிளக் போர்டிலேயே இருந்தது, சுவிட்சை மட்டும் அணைத்திருந்தார். நான் போனைச் சார்ஜில் போட வந்தேன். அதே போர்டில் நாலு சுவிட்ச். தப்பானதை அழுத்திவிட்டேன்.

பெட்டிக்குள் காற்றாடி விர்ரென்று சுற்றியது. அவர் கையை இழுத்துக்கொண்டு பின்னால் விழுந்தார். ஒன்றும் ஆகவில்லை. சுட்டுவிரல் நுனியில் கொஞ்சம் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். நான் அணைத்துவிட்டு, இதற்கா இப்படி என்று கேட்கப் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. வெளுத்துப் போயிருந்தார்.

எழுந்து போய் பைக் பெட்டியிலிருந்து, ஆலையில் கொடுத்த சிவப்புப் பூட்டுகளில் ஒன்றை எடுத்து வந்தார். கூடவே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டப்பா. போர்டிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, டப்பாவுக்குள் வைத்து மூடி, பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்தார். பூட்டில் ஒரு அட்டை தொங்கியது. அதில் அவர் போட்டோ, பெயர், பதவி ஃபிட்டர், கீழே கொட்டை எழுத்தில் 'ஆபத்து, இயக்காதே, ஆள் வேலையில் இருக்கிறார்.' ஆலையில் மெஷினுக்குள் கை வைப்பதற்கு முன்னால் இப்படிப் பூட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். போட்டவர்தான் திறக்க வேண்டும், முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. ஆனால் ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு அது நடந்து நான் பார்த்ததில்லை.

"இன்னாயா, இதுக்குப் போயி பூட்டா?" என்றேன்.

அப்போதுதான் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் செட்டில் ஒருவர் ரோலருக்குள் கையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது இன்னொருவர் வந்து சுவிட்சைப் போட்டார். இரண்டு விரல் போயிற்று. போட்டவர் விரோதி இல்லை. தினமும் ஒரே டப்பாவில் சாப்பிட்ட சிநேகிதர். இருவரும் இன்னும் அதே ஆலையில்தான் இருக்கிறார்கள், ஒரே டேபிளில் உட்காருவதில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. காபி போட்டுக் கொடுத்தேன்.

காபி குடித்துக்கொண்டே இரண்டு ரேமையும் கழற்றி, மறுபடி சோதிப்பதற்காகப் பேப்பர்மேல் வைத்தார். அந்த நேரம் பார்த்து ஆலையிலிருந்து போன். பெரிய மெஷின் நின்றுவிட்டது, உடனே வா. காலையில் வந்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சாவி அவர் சட்டைப் பையிலேயே போயிற்று.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு, வேலை முடியவில்லை, பத்துக்குள் வந்துவிடுவேன் என்று மெசேஜ் வந்தது. ஒன்பதரைக்கு நான் குளித்துப் புடவை கட்டி, கேமராவில் தெரிகிற சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிவிட்டுத் தயாராக இருந்தேன். பத்து அடித்தது. ஆளைக் காணோம். அவர் போன், ஆலை வழக்கப்படி, கேட்டருகே லாக்கரில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது. கேட் செக்யூரிட்டிக்குப் போன் செய்தேன். உள்ளே விசாரித்துவிட்டு வந்து சொன்னான்.

"யக்கா, அண்ணன் பூட்டு போட்டுக்கினு மெஷின் உள்ள இறங்கிக்கிறாரு. அவரா மேல வந்தாத்தான் உண்டு."

ஊரில் மற்றவர்கள் எல்லாம் ஒரு பூட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஆலையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக இரண்டு மெஷினைப் பூட்டிவிட்டு நடுவில் நிற்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் கேமராவில் கண் சிவப்பாகத் தெரியுமே என்று அதையும் அடக்கிக்கொண்டேன்.

அவருடைய டூல்ஸ் பையில் இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடு இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து பூட்டின் எதிரில் உட்கார்ந்தேன். அட்டையில் இருந்த போட்டோ என்னையே முறைத்தது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் யாருமே முறைக்கத்தான் செய்வார்கள், இருந்தாலும். பிளேடைப் பூட்டில் வைத்தேன். அந்த இரண்டு விரல் கதை நினைவுக்கு வந்தது. முதல் நாள் அவர் முகம் வெளுத்தது நினைவுக்கு வந்தது. என்னால் அறுக்க முடியவில்லை. பிளேடைத் திருப்பி வைத்துவிட்டேன்.

டெஸ்ட் போனாலும் மத்தியானத்துக்குச் சோறு வேண்டும். சமையலறைக்குப் போய் அரிசி களைந்து கரண்ட் குக்கரில் போட்டு, ஒயரை எடுத்துக் குக்கரின் பின்னால் சொருகப் போனேன். ஒயரின் முனையைப் பார்த்தேன். மூன்று ஓட்டை, மேலே இரண்டு மூலை மழுங்கியது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று ஒரு நிமிடம் நின்றேன். அப்புறம் ஓடினேன்.

கம்ப்யூட்டரின் பின்னால் சொருகியிருந்த ஒயரைப் பிடுங்கினேன். சுலபமாக வந்துவிட்டது. அதே மூன்று ஓட்டை, அதே மழுங்கிய மூலை. அவர் ஒயரின் ஒரு முனையை அவ்வளவு பத்திரமாகப் பூட்டிவிட்டு, மறுமுனை கழன்று வரும் என்பதை மறந்துவிட்டார். மானிட்டருக்கு இதே மாதிரி ஒன்று இருந்தது, ஆனால் அதை எடுத்தால் திரை இருட்டாகிவிடும். குக்கர் ஒயர் கச்சிதமாகப் பொருந்தியது. இருபத்திரண்டு வருட சர்வீஸ் போட்ட ஃபிட்டருக்குத் தோன்றாதது சோறு வடிக்கிறவளுக்குத் தோன்றிவிட்டது என்று ஒரு கர்வம் வந்தது. அந்தக் கர்வத்தை அனுபவிக்க நேரமில்லை. மணி பத்து இருபது.

ரேம் இரண்டும் பேப்பரில் கிடந்தன. மகளின் பழைய ஜியாமெட்ரி பாக்ஸில் ரப்பர் இருந்தது. பற்களைத் தேய்த்தேன். பெட்டிக்குள் கையை விடப் போகும்போது உடம்பு கூசியது. வீட்டில் வேறு யாரும் இல்லை, சுவிட்சைப் போட ஆளே கிடையாது. ஆனாலும் குக்கர் ஒயரை இரண்டு பக்கமும் பிடுங்கி, சுருட்டி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். என்னிடம் இருந்த பூட்டு அதுதான்.

இரண்டையும் சொருகி, மாட்டி, சுவிட்சைப் போட்டேன். திரை வரவில்லை. பீப், பீப், பீப் என்று நீளமாகக் கத்தியது. ரேம் சரியாக உட்காரவில்லை என்றால் அப்படித்தான் கத்தும் என்று அந்த எட்டு நாள் பாடத்தில் வந்திருந்தது. மறுபடி எல்லாவற்றையும் பிடுங்கினேன், மறுபடி ஒயர்மேல் உட்கார்ந்தேன். இந்தத் தடவை இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் கொக்கி கிளிக் என்று மூடுகிற வரைக்கும் கட்டைவிரலால் அழுத்தினேன். உடைந்துவிடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. உடையவில்லை. ஒரே ஒரு பீப். திரையில் வெளிச்சம் வந்தது.

பத்து நாற்பது. இன்டர்நெட்டைத் திறந்ததும் அந்தப் பாழாய்ப்போன பெட்டி மறுபடி முளைத்தது. நாலு ஜிபி இருக்கிறது, இன்னும் போதவில்லையாம்.

யார் தின்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். ஆன் செய்தவுடன் தானாகவே ஓடத் தொடங்குகிற கூட்டம் ஒன்று இருந்தது. என் கொழுந்தனுக்குப் பெண் பார்த்த காலத்தில் ஏற்றிய ஜாதகப் பொருத்தம் இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு இரண்டு பிள்ளை பிறந்துவிட்டது. செத்துப்போன பிரிண்டருக்கு ஒரு புரோகிராம் காத்துக்கொண்டிருந்தது. வைரஸைப் பிடிக்க மூன்று காவல்காரர்கள் இருந்தார்கள், ஒருத்தர்மேல் ஒருத்தருக்குச் சந்தேகம். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன்.

அப்புறமும் பட்டியலின் உச்சியில் ஒன்று அசையாமல் உட்கார்ந்து பாதி மெமரியை விழுங்கிக்கொண்டிருந்தது. இன்டர்நெட்தான். மேலே பார்த்தேன். போன தடவை விட்ட இடத்திலிருந்தே திறக்கும்படி அவர் வைத்திருந்தார். அதனால் ஒவ்வொரு முறையும் அவர் திறந்து வைத்த அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். எண்ணினேன். நாற்பத்தொன்று. அத்தனையும் ஒரே விஷயம்தான். மெமரி குறைவது ஏன், மெமரி குறைந்தால் என்ன செய்வது, மெமரியைக் கூட்ட ஏழு வழி, பழைய கம்ப்யூட்டருக்கு மெமரி வைத்தியம். வைத்தியம் முழுக்கச் சேர்ந்துதான் நோயாளியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது. அவசரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பத்தொன்றையும் மூடினேன். கம்ப்யூட்டர் பெருமூச்சு விட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், காற்றாடிச் சத்தம் அடங்கியது. எழுத்தைத் தட்டினேன். தட்டிய உடனே வந்தது.

எழுந்து போய், பீரோக் கதவில் ஐந்தாவது ஏன் என்ற காலி இடத்தில் 'நீதான்' என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்போது மணி பத்து ஐம்பத்தைந்து.

சரியாகப் பதினோரு மணிக்குத் திரையில் ஒரு அம்மா வந்து முகத்தைச் சரிபார்த்தார். பிறகு பேச்சு ஓடியது. பழவேற்காட்டில் மீன் ஏலம். ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், பின்னால் காற்று, காக்கா. ஒருவன் நைனா என்கிறான், ஒருவன் டப்பு எங்கே என்று பணம் கேட்கிறான். வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் இரைச்சல். மீஞ்சூரில் பிறந்தவளுக்கு அது வாசலில் கேட்கிற பேச்சு. அரிசி மூட்டைமேல் பழகிய விரல்கள் நிஜக் கீபோர்டில் ஓடின. கரண்ட்டும் அன்று எனக்காகப் போகாமல் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அனுப்பு என்ற பட்டனை அழுத்தினேன். அப்புறம்தான் அழுதேன்.

ஒன்றரை மணிக்கு அவர் வந்தார். உடம்பெல்லாம் கிரீஸ். கையில் சிக்கன் பக்கோடாப் பொட்டலம். அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் அது. நேராகப் பூட்டைப் பார்த்தார். பூட்டு அப்படியே இருந்தது. அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"டெஸ்டு போச்சா?" என்றார்.

எழுதி முடித்துவிட்டேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. பூட்டை இழுத்துப் பார்த்தார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். அது கம்ப்யூட்டருக்குப் போகவில்லை, தரையில் முடிந்துவிட்டது. கம்ப்யூட்டரிலிருந்து தடவிக்கொண்டு வந்தார். கையில் கஞ்சிக் கறையோடு குக்கர் பிளக் வந்தது. பீரோக் கதவையும் படித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சோறு இல்லை, ஒயர் இங்கே இருந்ததால் வேகவில்லை என்று சொன்னேன். பக்கோடாவை மட்டும் இருவரும் தின்றோம்.

அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பூட்டு இருக்கும்போது சுற்றுவழியாக மெஷினை ஓட்டுவது அவர் ஆலையில் கொலைக்கு அடுத்த குற்றம். அதற்கு ஒருவரை அன்றைக்கே கேட்டுக்கு வெளியே அனுப்பினார்களாம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார்.

"பூட்டு கண்ணுல பட்டா நிக்கணும்மே. உள்ள எவன் கையாவது இருந்திருந்தா?"

"இருந்துச்சே" என்றேன். "என் கைதான் இருந்துச்சு. நீ பூட்டுனது உன் கைக்கு. நீ வேற எங்கியோ கீற. என் கைக்கு யாரு பூட்டு போட்டது? நான் ஒயரு மேல உக்காந்துகினு வேலை பாத்தேன்யா."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஒயர்மேலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு வெளியே போய் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த பைக்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். முதல் ஆளாக அவருக்குப் போன் செய்தேன். போன் லாக்கரில் கிடந்து அடித்தது.

சாயங்காலம் வந்து கேட்டுக்கொண்டார். சந்தோஷம் என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு இரும்புக் கொக்கியை எடுத்தார். அதில் ஆறு ஓட்டை. ஒரு மெஷினில் பல பேர் வேலை செய்தால் எல்லோரும் தங்கள் தங்கள் பூட்டை அதில் மாட்டுவார்களாம். கடைசிப் பூட்டு கழன்றால்தான் மெஷின் ஓடும். ஆபீஸரோ கூலியோ, கை வைக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டு, அதுதான் ரூல் என்றார். அவருடைய பூட்டை ஒரு ஓட்டையில் மாட்டிக் காட்டினார். பிறகு பையில் துழாவி இன்னொரு சிவப்புப் பூட்டை எடுத்து என் கையில் வைத்தார். பஜாரில் வாங்கியது, புத்தம் புதிது. சாவி ஒன்றே ஒன்று. இன்னொன்று எங்கே என்று கேட்டேன். ஒரு பூட்டுக்கு ஒரு சாவிதான் இருக்க வேண்டும், இன்னொன்றை ஆலையில் உடைத்துப் போட்டுவிட்டேன் என்றார்.

பூட்டில் ஒரு அட்டை தொங்கியது. அவரே கையால் எழுதி, லேமினேட் செய்து வந்திருந்தார். என் ரேஷன் கார்டு போட்டோ, நானும் முறைத்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கீழே என் பெயர். அதற்கும் கீழே பதவி என்ற இடம். பத்தொன்பது வருடமாகக் காலியாக விட்டவர் அன்றைக்கு விடவில்லை. கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார், ஆபரேட்டர்.